மூச்சுப்பெட்டி திறப்பு விழா

இளம்பிள்ளை வாதம் பீளமேட்டுக்குள் புகுந்த கோடையில் நான் நாலாம் வகுப்பு. பல பிள்ளைகளின் காலைப் பறித்த நோய், என் தங்கையின் மூச்சிலேயே கை வைத்தது. நெஞ்சை விரிக்கும் தெம்பு நாளுக்கு நாள் குறைய, கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மூச்சு இழுத்துத்தர சீமையில் ஒரு பெட்டி இருந்ததாம். அது கப்பலேறி வருவதற்குள் நம்மூரிலேயே செய்துவிடலாம் என்று முடிவாயிற்று. ஆஸ்பத்திரி படம் தந்தது. பம்பு செய்யும் பவுண்டரி, பெட்டியும் மோட்டாரும் செய்தது. பஞ்சாலை, ரோலருக்குச் சுற்றும் தோலில் துருத்தி தைத்தது. ஜெபமாலையும் எண்ணெய்ப் பிசுக்கும் பஞ்சுத்தூசும் ஒரே மேசையில் கூடிப் பேசியதை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது. அப்பா அந்தப் பவுண்டரியில் பிட்டர். பெட்டியைப் பூட்டி, ஓட்டிப் பார்த்தவர் அவர்தான்.

முதல் ஆளாகத் தங்கையைப் படுக்கவைத்தார்கள், தலை மட்டும் வெளியே. ஆனால் முதலாளிகள் வந்துதான் ஓட்டவேண்டும் என்றார்கள் பவுண்டரி மேனேஜரும் மில் மேனேஜரும். வந்தார்கள், மாலையோடு.

“ஏனுங்க, சுச்சை நீங்க போடுங்க,” என்றார் பவுண்டரிக்காரர்.

“அட, பொட்டி உங்களுதுங்க. நான் போட்டா நல்லாவா இருக்கும்?” என்றார் மில்காரர்.

“துருத்தி உங்களுதுங்களே. அதில்லாட்டி இது வெறுந் தகரந்தானுங்க.”

“மூத்தவரு நீங்க நிக்கறப்ப நான் கை வெச்சா ஊரு சிரிக்குமுங்க.”

தங்கையின் தலையைத் தாங்கியிருந்த கன்னியாஸ்திரீ டாக்டர், “யாராவது போடுங்க, உதடு நீலமாகுது,” என்றார். இருவரும் பதறி, “அப்ப நீங்களே போடுங்கம்மா,” என்று அவருக்கும் வழிவிட்டார்கள். பிறகு, அது முறையாகுமா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசியில் இருவர் விரலும் சேர்ந்தே சுவிட்சைப் போட்டன. எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். துருத்தி அழகாக விரிந்து சுருங்கியது. தங்கையின் நெஞ்சு ஏறி இறங்கியது. டாக்டர் அவள் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, மோட்டாரை நிறுத்தச் சொன்னார்.

அதே பெட்டி பின்னால் எத்தனையோ பிள்ளைகளுக்கு மூச்சு கொடுத்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு அன்று யார்மேலும் கோபமில்லை. பெரிய மனுசர்கள் எவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள் என்றுதான் பட்டது. ஒன்றுதான் விளங்கவில்லை. சுவிட்சுக்குக் கையெட்டும் தூரத்தில் நின்றவர் அப்பா. துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, கட்டிய கையை அவிழ்க்காமல் ஏன் அப்படியே நின்றார்?