படத்துக்குப் படம் என் சாவு

என்னை முதன்முதலில் கொன்றவர் மிகவும் நல்ல மனிதர். கொல்வதற்கு முன்னால் சாப்பிட்டீர்களா என்று கேட்டார். கொன்று முடித்ததும் எழுந்திருக்கக் கை கொடுத்தார். அவர் ஒரு திரைப்பட இயக்குநர். அது அவருக்கும் முதல் படம், எனக்கும் முதல் படம்.

அப்போது நான் திண்டிவனத்தில், அலுவலகங்கள் வரிசையாக இருக்கும் தெருவில் ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். சொந்த ஊர் கூட்டேரிப்பட்டுக்குப் பக்கம். அப்பா இல்லை. அம்மா கூலி வேலை. நான் விழுப்புரத்தில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும்போது வீட்டில் அம்மாவின் புடவை ஒன்று காணாமல் போனது. தேடியதில் அது என் உடம்பில் கிடைத்தது. இனிமேல் ஊருக்குள் தலை காட்ட முடியாது என்று சொல்லி அண்ணன் என்னை வெளியே அனுப்பினார். அதன் பிறகும் அவர் தினமும் தலை காட்டிக்கொண்டுதான் இருந்தார். வெளியே போனது நான் மட்டும்தான்.

சென்னைக்குப் போய் ஆகவேண்டியதை எல்லாம் முடித்துக்கொண்டு நான்கு வருடம் கழித்துத் திரும்பினேன். கடைக்காரர் என் வேகத்தைப் பார்த்து வேலை கொடுத்தார். முதல் வாரம் வந்த வாடிக்கையாளர்கள் என்னைப் பார்த்ததும் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். பக்கத்துக் கடையில் ‘ஆட்சியர்’ என்பதை ‘ஆச்சியர்’ என்று அடித்துக் கொடுத்தார்கள். இரண்டாவது வாரம் எல்லோரும் திரும்பி வந்தார்கள். சமூக மாற்றம் என்று மேடையில் பேசுகிறார்களே, அதை நான் நேரில் பார்த்தது அந்த வாரம்தான்.

பிறகு ஊரில் இருந்த மற்ற திருநங்கைகளும் வந்தார்கள். ஒருத்திக்கு ரேஷன் அட்டை, ஒருத்திக்கு வாக்காளர் அட்டையில் பெயர் மாற்றம். என்னையும் சேர்த்துப் பன்னிரண்டு பேர் வீட்டுமனைப் பட்டா கேட்டோம். அடித்துக் கொடுத்ததோடு விடாமல், அவர்களோடு அலுவலகத்துக்கும் போய் நின்றேன். இப்போது என் பெயருக்கு முன்னால் ‘செயற்பாட்டாளர்’ என்று போடுகிறார்கள். அப்போது அலுவலக வராந்தாவில் எனக்கிருந்த பட்டம், “தோ, அது வந்துடுச்சி.”

அந்தக் கடைக்குத்தான் இயக்குநர் வந்தார். படப்பிடிப்பு அனுமதிக்குக் கடிதம் அடிக்க வேண்டுமாம். நான் அடித்துக் கொடுத்ததைப் படிக்காமல் என் முகத்தையே பார்த்தார்.

“நீங்க நடிப்பீங்களா?”

“என்ன வேஷங்க?”

“வேஷமெல்லாம் வேணாம் மேடம். நீங்க நீங்களாவே வந்தா போதும்.”

எனக்குச் சந்தோஷம். அப்படியானால் உட்கார்ந்து தட்டச்சு செய்யவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். போய்ப் பார்த்தால், நான் நானாக இருப்பது என்றால் சிக்னலில் நின்று கைதட்டிக் காசு கேட்பதாம். அவர்கள் தேர்ந்தெடுத்த சாலையில் சிக்னல் கிடையாது. அதனால் ஒரு கம்பத்தைக் கொண்டுவந்து நட்டு விளக்குப் போட்டார்கள். சிவப்பு எரிந்ததும், வளவனூர்ப் பக்கமிருந்து கரும்பு ஏற்றி வந்த ஒரு டிராக்டர் அதை நம்பி நின்றுவிட்டது. உண்மையான சிக்னலில் ஒருவரும் நின்று நான் பார்த்ததில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. எனக்குக் கைதட்டத் தெரியாது. சிக்னலில் நிற்பதை நான் கேவலமாக நினைக்கவில்லை. வேலை கொடுக்க ஆளில்லாமல் நின்ற தோழிகள் எனக்கு உண்டு. ஆனால் எனக்கு அது வரவில்லை. பள்ளிக்கூட ஆண்டு விழாவில் தட்டுவதுபோலத் தட்டினேன். இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“நேச்சுரலா வரலியே மேடம்!”

கடைசியில் ஒரு தோழியைப் போனில் கூப்பிட்டேன். அவள் வந்து, உள்ளங்கையைக் குழித்து விரல்களை விரித்துத் தட்டச் சொல்லிக்கொடுத்தாள். அரை மணி நேரத்தில் நான் இயற்கையாகிவிட்டேன். மத்தியானம் கதாநாயகனின் குழந்தையைக் காப்பாற்றப் போய் லாரியில் அடிபட்டுச் செத்தேன்.

சாவு நன்றாக வந்துவிட்டது. அதுதான் வினையானது. ‘அந்த அம்மா நல்லா சாவுது’ என்று பேச்சு பரவி, அடுத்த படத்தில் விஷம் குடித்தேன். அதற்கடுத்ததில் கிணறு. ஒன்றில் கதாநாயகிக்கு என் சிறுநீரகத்தைக் கொடுத்தேன். ஒன்றைக் கொடுத்தால் பொதுவாகச் சாகமாட்டார்கள் என்று மருத்துவர் வேடத்தில் இருந்தவரே சொன்னார். “இவங்க செத்தாத்தான் சார் கனெக்ட் ஆகும்” என்றார்கள். ஏழு வருடத்தில் ஒன்பது முறை செத்தேன். எல்லாப் படத்திலும் சாவதற்கு முன்னால் யாரையாவது வாழ்த்தினேன். திருட்டுப் பழி விழாத படம் ஒன்றிரண்டு இருக்கும்.

நடுவில் அம்மாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்ணனுக்குத் தெரியாமல் அவள் செவ்வாய்க்கிழமைகளில் கடைக்கு வருவாள். மல்லாட்டை ஆயும் பருவத்தில் மட்டும் வரமாட்டாள். செடியிலிருந்து கடலையைப் பறித்துச் சேர்க்கும் வேலை நாள் முழுக்க இருக்கும். கையில் முதியோர் உதவித்தொகை விண்ணப்பம் ஒன்றை மடித்து வைத்திருப்பாள். ஊர்க்காரர்கள் யாராவது பார்த்தால் மனு எழுத வந்தேன் என்று சொல்லிக்கொள்ள அது. மனுதாரர்கள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்து, மனு சொல்வது போலவே வீட்டுக் கதையைச் சொல்வாள்.

“கெணத்துல தண்ணி கீழ போயிடுச்சி. எழுதிக்கோ. உங்கண்ணன் ஆட்ட வித்துட்டு பைக்கு வாங்கிக்கினு சுத்தறான். எழுதிக்கோ. இந்தா, சாப்புட்டியா?”

நான் எல்லாவற்றையும் அடிப்பேன். அவள் போனதும் அழிப்பேன். என்னை எப்படிக் கூப்பிடுவது என்று அவள் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. ‘டா’ என்று வாய் வரவில்லை. ‘டி’ என்று மனசு வரவில்லை. அதனால் ‘இந்தா’. பையிலிருந்து கேப்பை அடையை எடுத்து, சான்று ஆவணம் போல மேசைமேல் வைத்துவிட்டுப் போவாள். கடைக்காரர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்.

“அந்தம்மா மனு இன்னுமா முடியல? எத்தினி பக்கம்மா அது?”

“பெரிய குறைங்க ஐயா” என்றேன்.

அந்தச் சமயத்தில் ஒரு பெரிய நடிகர் திருநங்கையாக நடிக்க முடிவு செய்தார். பெரிய துணிச்சல் என்று எல்லோரும் எழுதினார்கள். திருநங்கையாகவே இருக்கிற எங்களுக்கு அப்படி யாரும் எழுதியது கிடையாது. அவருக்கு நடக்கச் சொல்லிக்கொடுக்க என்னை அழைத்தார்கள். கூடவே அவருடைய தோழி வேடமும் உண்டு. இடைவேளைக்கு முன்னால் நான் செத்துவிடுவேன். அதைப் பார்த்து அவர் அழுவார்.

கேரவனுக்குள் என்னை எதிரில் உட்காரவைத்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, உங்க வலிய எனக்குச் சொல்லுங்க.”

“முட்டி வலிங்க சார். ஆபீஸ் ஆபீஸா நின்னு நின்னு வந்தது.”

“அது இல்லக்கா. உள்ள இருக்கிற வலி.”

மூன்று வருடமாகப் பட்டா மனு எந்த மேசையில் இருக்கிறது என்றே தெரியவில்லை என்று சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார். மிகவும் உருக்கமாகக் கேட்டார். முடிந்ததும் கண்ணைத் திறந்து, இடுப்பை எப்படி ஆட்டுவது என்று கேட்டார். நான் ஆட்டுவதில்லை என்றேன். பரவாயில்லை என்று அவரே ஆட்டிக்கொண்டார். விருது வாங்கியபோது, நாற்பது நாள் எங்கள் வாழ்க்கையை வாழ்ந்ததாகச் சொல்லி அழுதார். நாற்பத்தோராம் நாள் அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வசதி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

படம் ஓடியது. அண்ணன் மகள் வயதுக்கு வந்து மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். ஊர் முகப்பில் வைத்த பிளெக்ஸில், ‘திரைப்பட நட்சத்திரம், மணமகளின் அத்தை’ என்று என் படம் மூலையில் இருந்ததாம். மஞ்சள் நீராட்டுக்கு யார் மணமகள் என்று பிளெக்ஸ் கடைக்காரரைத்தான் கேட்கவேண்டும். அண்ணன் யார் மூலமோ சொல்லி அனுப்பினார்: பிளெக்ஸில் இருந்தால் போதும், நேரில் வரவேண்டாம். நான் போகவில்லை. ஆனால் அத்தை என்று போட்டிருந்தார்களே, அந்தச் சொல்லைத் தோழி அனுப்பிய போட்டோவில் பெரிதாக்கிப் பலமுறை பார்த்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா விண்ணப்பத்தை எடுக்கவில்லை.

“அந்தப் படத்துக்கு என்ன இட்டுக்கினு போ” என்றாள்.

விழுப்புரத்தில் மதியக் காட்சிக்குப் போனோம். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டேன். திரையில் நான் வரும்போதெல்லாம் அம்மா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். என் கழுத்தை அறுக்கும் காட்சி வந்தது. முன்வரிசையில் யாரோ விசிலடித்தார்கள். யாரோ எங்கள் கைதட்டலைத் தட்டிக் காட்டினார்கள். சிரிப்பு. பெரிய நடிகர் என்னை மடியில் போட்டு அழத் தொடங்கினார். அம்மா இருக்கையை விட்டு எழுந்துவிட்டாள்.

“இன்னாடி இது? இதுக்கு முன்ன டிவில பாத்தேன், அதுலயும் சாவடிச்சானுங்க. எப்பப் பாரு உன்னயே சாவடிக்கிறானுங்களே, நீ இன்னா பண்ண அவனுங்கள?”

பின்னாலிருந்து “ஒக்காருமா” என்று கத்தினார்கள். அவள் உட்காரவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். ‘டி’ என்று என்னைப் பலர் கூப்பிட்டிருக்கிறார்கள். பேருந்தில், காவல் நிலைய வாசலில், அடிக்க வரும்போது. அம்மா கூப்பிட்டது அன்றைக்குத்தான். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. கோபத்தில் இருந்தாள். பேருந்து நிலையத்தில் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

“அடுத்த படத்துல சாவாதடி.”

ஏதோ அது என் கையில் இருப்பது போல. சரி என்றேன்.

அடுத்து வந்த இயக்குநர், படம் முழுக்க வரும் வேடம் என்றார். கடைசியில் என்ன ஆகிறது என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு சோகம் வந்தது.

“அது ரொம்ப எமோஷனல் மேடம்.”

“உயிரோட இருக்கக் கூடாதா சார்?”

“நீங்க உயிரோட இருந்தா ஆடியன்ஸ் எங்க அழுவாங்க?”

“செத்தப்ப மட்டும் அழுதாங்களா? விழுப்புரத்துல விசிலடிச்சாங்க.”

வேடம் வேறொருவருக்குப் போனது. எனக்குத் திமிர் என்ற செய்தியும் சேர்ந்தே போனது. ஒன்றரை வருடம் போன் அடிக்கவில்லை. அடித்தவர்களெல்லாம் சித்திரையில் கூத்தாண்டவர் திருவிழாவுக்குப் பேட்டி கேட்பவர்கள்தான். வருடத்தில் ஒரு வாரம் எங்களுக்கு உணர்வுகள் இருப்பதாக அவர்களுக்கு ஞாபகம் வரும்.

செத்ததில் ஒரே ஒரு லாபம் கிடைத்தது. பட்டா மனு கடைசியில் ஒரு மேசையில் கண்டுபிடிக்கப்பட்டது. எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன். அந்த மேசைக்குரிய அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்கதான அந்தப் படத்துல செத்தீங்க? எங்க வீட்டுல ஒரே அழுகைங்க. ஒரு செல்ஃபி எடுத்துக்கலாமா?”

“தாராளமா எடுத்துக்கலாம் சார். மனையில வெச்சி எடுத்துக்கலாம். நீங்க எடத்தப் பாக்க வர்றப்ப.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. என்னோடு வந்திருந்த பதினோரு பேரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே சர்வேயரோடு வந்துவிட்டார். வெயிலில் சங்கிலி பிடித்து அளந்து, கல் நட்டு, பிறகு பன்னிரண்டு பேரோடும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டார். எல்லாவற்றிலும் நன்றாகவே விழுந்திருந்தார். அத்தனை வருடம் நாங்கள் எழுதிய காரணங்கள் ஒன்றும் போதவில்லை. அவர் மனைவி ஞாயிற்றுக்கிழமை படம் பார்த்தது போதுமாக இருந்தது. நன்றியோடுதான் சொல்கிறேன்; பட்டா வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு பெண் இயக்குநர் போன் செய்தார். மல்லாட்டை மண்டியில் எடை போடும் பெண்ணாக நடிக்க வேண்டும். கதையை அனுப்பினார். இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண் திருநங்கை என்று எங்கேயும் இல்லை.

“அப்புறம் ஏங்க என்னைக் கூப்பிட்டீங்க?”

“வந்தவங்கள்ல பாதிப் பேருக்கு மல்லாட்டைன்னா என்னன்னே தெரியலங்க. உங்களுக்குத் தெரியும்னு சொன்னாங்க.”

வல்லத்துக்குப் பக்கத்தில் படப்பிடிப்பு. மூன்று காட்சிகள். ஒன்றில் மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்துவிட்டு, எடைக்கல்லுக்காக வியாபாரியோடு சண்டை போட்டேன். ஒன்றில் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட்டேன். ஒன்றில் வேலை முடிந்து மொபெட்டில் வீட்டுக்குப் போனேன். மூன்றாவது காட்சியை எடுக்கும்போது நான்தான் பதறிக்கொண்டிருந்தேன். எதிரில் லாரி ஏதும் வருகிறதா என்று கேட்டேன். “இல்லங்க, நீங்க சும்மா வீட்டுக்குப் போங்க” என்றார் இயக்குநர்.

படம் ஓடவில்லை. விருதும் கிடையாது. ஒரு விமர்சகர் மட்டும், எடை போடும் பெண்ணாக வருபவர் வீணடிக்கப்பட்டிருக்கிறார், அவருடைய வலி சொல்லப்படவில்லை என்று வருத்தப்பட்டிருந்தார்.

அம்மாவுக்குக் கடைக் கணினியில் போட்டுக் காட்டினேன். கடைக்காரரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவரிடம் அம்மா, “எம் பொண்ணுதாங்க” என்றாள், இத்தனை வருடமாக அவருக்குத் தெரியாதது போல. மொபெட் திருப்பத்தில் மறையும் வரை பார்த்தாள். பிறகு கொஞ்சம் பின்னால் ஓட்டச் சொன்னாள். மூட்டை தூக்கும் இடம் வந்ததும் விரலை வைத்தாள்.

“இப்படியாடி மூட்டயத் தூக்குவாங்க? இடுப்புல அணச்சித் தூக்கணும். முதுகு போயிடும்.”

கடைக்காரர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. தோளில் ஏற்றுவதுதான் சரி என்றார். இருவரும் அதைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த மனுவை எடுத்துத் தட்டச்சு செய்யத் தொடங்கினேன். எங்கள் பன்னிரண்டு மனைக்கும் மின் இணைப்புக் கேட்டு.