ருக்குமணியக்காவின் காய்ச்சல்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இத்தனை வருஷ நர்ஸ் வேலையில் பார்க்காத சாவு இல்லை, போனவர் ஒருத்தரும் திரும்பி வந்து என்னிடம் பேசியதில்லை. அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது, நம்பினால் நம்புங்கள்.

அருள்புரம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்துக்கொள்கிறேன். இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பனியன் கம்பெனிகளில் உழைத்து ஓய்ந்தவர்கள். வயதானவர்களுக்கு உள்ளே கிருமி தொற்றினால் காய்ச்சல் லேசில் வெளியே தெரியாது, தெரியும்போது கைமீறிப் போயிருக்கும். அதற்காக எல்லார் கையிலும் உடம்புச் சூட்டை அளக்கும் பட்டை கட்டியிருக்கிறோம். சூடு கொஞ்சம் ஏறினாலும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அவர் பெயர் சிவப்பாகிவிடும். கொஞ்ச நாளாக ஒரு பெயர்கூடச் சிவக்கவில்லை, எனக்கு ஒரே பெருமை.

அன்று மத்தியானம், எல்லாரும் சாப்பிட உட்கார்ந்த நேரம், ஒரு பெயர் சிவந்தது. ருக்குமணியக்கா, நூற்றியொன்று டிகிரி. அந்த அக்கா இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டே அலமாரியைத் திறந்தேன். அவர் பட்டை வைத்த இடத்தில்தான் கிடந்தது. அதன் பேட்டரியை நானே கழற்றி இன்னொரு பட்டைக்குப் போட்டிருந்தேன். எடுத்தேன் பாருங்கள், உள்ளங்கையில் சுட்டது. பயந்துவிட்டேன், அதை மறைக்க என்ன இருக்கிறது. ஆனால் பயத்தை முந்திக்கொண்டு ஒரு கேள்வி வந்தது, இது யாருடைய காய்ச்சல்?

தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடினேன். பஷீர் பாய், கட்டிங் மாஸ்டராக இருந்தவர், தட்டில் கை வைக்காமல் தூங்கி விழுந்துகொண்டிருந்தார். சோற்றில் உப்பில்லை என்று தினமும் சண்டை போடுகிற மனிதர். கம்ப்யூட்டரில் அவர் பெயர் பச்சையாகத்தான் இருந்தது, நெற்றியோ கொதித்தது. பட்டையைக் கழற்றினால், உள்பக்கம் பட்டையின் அதே நீல நிறத்தில் ரிப் துணி, பனியன் கழுத்துக்கு வைப்பார்களே அது, பிசிறில்லாமல் தைத்திருந்தது. பட்டை தோலைத் தொடவே இல்லை. மற்றவர்கள் கையைப் பார்த்தால் எல்லாரிடமும் அதே வேலைப்பாடு.

பாய் கண்ணைத் திறக்காமலே சொன்னார். "பட்டை உறுத்துதுன்னு எல்லாரும் சொன்னாங்க அம்மிணி. வேஸ்ட் துணிதான், நாந்தான் வெட்டித் தெச்சுக் குடுத்தேன்."

ஆம்புலன்ஸ் வைத்துப் பல்லடம் ரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சிறுநீரில் தொற்று, ரத்தத்தில் கலக்க ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் தள்ளியிருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். அன்று சாயங்காலமே உட்கார்ந்து அத்தனை பட்டையிலும் துணியைப் பிரித்தெடுத்தேன்.

பாய் பிழைத்துவிட்டார். தன் காலாலேயே நடந்து வாசலில் நுழைந்தபோது ஹாலே கைதட்டியது, எனக்கு ஏதோ தேர்தலில் ஜெயித்த மாதிரி இருந்தது. அன்றைக்கே சாம்பாரில் உப்பில்லை என்று ஆரம்பித்தார், நான் சிரித்துக்கொண்டே அழுதேன்.

அப்புறம்தான் ருக்குமணியக்கா விஷயத்தைச் சொன்னேன். இருவரும் ஒரே கம்பெனியில் இருந்தவர்கள், அக்காவுக்குச் செக்கிங், தைத்து வந்த துணியில் பழுது பார்க்கிற வேலை. பாய் சிரிக்கவில்லை.

"அந்தம்மா செக்கிங் டேபிள்ல நின்னா ஒரு டேமேஜ் பீஸ் தப்பாதுங்க. என்ற பீஸைத்தான் மொதல்ல பிரிச்சுப் பாக்கும்."

பட்டை கம்பெனிக்காரர் வந்தார், சாஃப்ட்வேர் கோளாறு என்றார், அக்கா பெயரை அழித்துவிட்டுப் பட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு போனார். அதோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

நேற்று மத்தியானம் அந்தப் பெயர் மறுபடி வந்து சிவந்து நிற்கிறது. ஒருத்தர் விடாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன், யாருக்கும் எதுவும் இல்லை. எனக்குத்தான் இன்னும் வைத்துப் பார்க்கவில்லை.