கண்ணை மூடிக் கேட்டவர்

திருப்பூர் பக்கத்து மங்கலத்துத் தறிக்கொட்டகையில் யாரும் யாரையும் காதால் கேட்பதில்லை. தறிகள் ஓடும்போது இடியே விழுந்தாலும் தெரியாது. சாப்பாடு, வம்பு, காதல் எல்லாவற்றையும் உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். பீரங்கிப் படையில் காதைத் தொலைத்துவிட்டு வந்த ஜெயபாண்டிக்கு அந்த இடம் சொர்க்கமாக இருந்தது. பஞ்சுத் தூசி மிதக்கும் வெளிச்சத்தில் உதடுகள் அசையும், அவர் தலையாட்டுவார். அங்கே அவரை யாரும் செவிடர் என்று சொன்னதில்லை.

அந்தச் சொர்க்கமே ஒரு நாள் அவர் காலை வாரிவிட்டது. ஊனத்துக்கான ராணுவ ஓய்வூதியம் கேட்டு விண்ணப்பித்து, மருத்துவக் குழுவின் முன் போய் உட்கார்ந்தார். கருவிச் சோதனையில் காது கேட்கவில்லை என்றுதான் வந்தது. எதிரே இருந்த தமிழ் டாக்டர் மெதுவாக ஊர், பேர், பிள்ளைகுட்டி எல்லாம் விசாரித்தார். ஜெயபாண்டி மரியாதையாக அவர் முகத்தைப் பார்த்து ஒன்றுவிடாமல் பதில் சொன்னார். ‘நடிக்கிறார்’ என்று எழுதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள்.

பணம் வராததைக்கூடப் பொறுத்துக்கொண்டார். அந்த ஒரு சொல்தான் முள்ளாகக் குத்தியது. காரணம் இருந்தது. மனைவி ராமுத்தாயின் குரல் மட்டும் அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கொஞ்சம் கரகரப்பு, பேச்சு முடிகிற இடத்தில் ஓர் இழுப்பு. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. அப்படியானால் உண்மையிலேயே நடிக்கிறோமோ என்று பயந்தார். பயந்துகொண்டேதான் மேல்முறையீடு போட்டார்.

மறுபரிசோதனைக்கு அழைப்பு வந்ததும் தறி முதலாளி பொங்கியண்ணன், ஓடும் தறிகளுக்கு நடுவே நின்று சிரித்தார்.

“ஏனுங்க பாண்டி, நம்மாளுக கண்ணாலதான் கேக்கறாங்கன்னு அந்த டாக்டருக்கு எப்படீங்க தெரியும்? இந்தவாட்டி கண்ண மூடி உக்காந்துக்கோங்க.”

“ஆபீசர் பேசையில கண்ண மூடுறதா? பட்டாளத்துக்காரன் செய்ற வேலையாங்க அது?”

“அப்பொ நடிக்கறீங்கன்னே இருக்கட்டுமுங்க.”

ஜெயபாண்டிக்குச் சுருக்கென்றது.

இந்த முறை டாக்டர் ஒரு பெண். “மரியாதக் கொறவா நெனைக்காதீங்கம்மா” என்று சொல்லிவிட்டு ஜெயபாண்டி கண்களை மூடினார். முதலில் வெள்ளையாக இருந்தது. எல்லைமலைப் பனியா, தறிக்கொட்டகைப் பஞ்சா என்று தெரியவில்லை. அதற்குள் பீரங்கிகள் புகை கக்கின, சத்தமே இல்லை. அந்தப் பனிக்குள் இதமாக நடந்துகொண்டே இருந்தார். தன்னை மறந்தேபோனார்.

தோளில் ஒரு கை விழுந்தது. கண்ணைத் திறந்தார்.

“எத்தன தடவ கூப்பிட்டேன் தெரியுமா?” என்றார் டாக்டர். “கடைசியா உங்க மனைவியையே கூப்பிடச் சொன்னேன். பின்னாடி நின்னு கத்தினாங்க. இனிமே யாரும் நடிக்கிறார்னு எழுத முடியாது.”

திரும்பினார். ராமுத்தாய் நின்றிருந்தாள். கத்திக் கத்தி முகம் சிவந்திருந்தது.

“நானுந்தேன் கூப்பிட்டேன், உங்களுக்குக் கேக்கலையே” என்றது அவள் உதடு. உடனே அந்தக் கரகரப்பும் இழுப்பும் தெளிவாகக் கேட்டன. அவள் பேசப் பேச அவர் கண்களை மூடிப் பார்த்தார். ஒன்றுமில்லை.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தார். ராமுத்தாய் முழங்கையால் இடித்துத் திருப்பினாள். “செயிச்சாச்சுல்ல, பெறகு ஏன் அழுகுறீக?”

“ஓன் கொரலு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்குன்னு நெனச்சிருந்தேன் தாயி.”

அவளுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. பிறகு அவர் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு, திருப்பூர் வரும்வரை பேசிக்கொண்டே வந்தாள்.