ஷிப்ட் மாற்றிக்கொண்டவரின் மனைவி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் குடியிருந்தோம். என் கணவருக்கு நூல் மில்லில் வேலை. கல்யாணமான மறுவருடமே எனக்குக் கட்டி வந்து, ஆபரேஷனில் ஒரு பக்கத்துச் சினைப்பையை எடுத்துவிட்டார்கள். தெருவிலோ கர்ப்பப்பையையே எடுத்தாயிற்று என்று பேச்சு. எத்தனை பேரிடம் விளக்கிக்கொண்டிருப்பது? விட்டுவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண் டாக்டரிடம் மாதாமாதம் போய்வந்தேன். மிச்சமிருக்கும் சினைப்பை நன்றாகவே இருக்கிறது, குறிப்பிட்ட சில நாட்களில் இருவரும் சேர்ந்திருந்தால் குழந்தை நிற்கும் என்பார். அங்கேதான் சிக்கல். மில்லில் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். எங்களுக்கான நாட்கள் வரும்போது பார்த்து அவருக்கு முழு நைட் வந்து நிற்கும். பகலிலோ இரண்டே அறை வீட்டில் மாமியார், நாத்தனார், கொழுந்தன். ஷிப்டை மாற்றிக் கேளுங்கள் என்றால், மேஸ்திரியிடம் என்னவென்று காரணம் சொல்வது என்று கூசிப்போவார். எனக்கு முப்பது வயதாகிவிட்டது. ஒவ்வொரு மாதமும் வீணாகப் போகப் போக, அந்த மில்லின் சங்குச் சத்தமே எனக்கு வெறுத்துப்போனது.

ஒருநாள் டாக்டர் வீட்டு பெஞ்சில் சோழபுரத்துப் பெண் ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். ஐந்து மாதம். பேச்சுவாக்கில் அவள் கணவரும் அதே மில், வேறு ஷிப்ட் என்று தெரிந்தது. முன்பின் தெரியாதவளிடம் எப்படித்தான் வாய் வந்ததோ, எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டேன்.

"நாள மட்டும் சொல்லிவிடுங்கக்கா. எங்க வீட்ல அவிய மாத்திக்கிடுவாக" என்றாள்.

அப்படியே நடந்தது. பகலில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லி, அவள் கணவர் எங்கள் நைட் ஷிப்டை வாங்கிக்கொள்வார். என் கணவரிடம் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. ஆனாலும் மூன்று மாதம் பலனில்லை. நான்காவது மாதம் எனக்குத் தயக்கம். பிரசவம் நெருங்குமே என்று அவளிடம் கேட்டுவிட்டேன். இன்னும் நாள் கிடக்கிறது என்று பதில் வந்தது.

அந்த வாரத்திலேயே ஒரு இரவு அவளுக்கு வலி கண்டுவிட்டது. கணவர் மில்லில். வீட்டில் அவள் மட்டும். நெடுநேரம் தனியாகத் துடித்திருக்கிறாள். சத்தம் கேட்டு அக்கம்பக்கத்தார் வண்டி பூட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் பிழைத்தது தெய்வச் செயல் என்றார்கள்.

விழுந்தடித்துக்கொண்டு போனேன். நாள் நெருங்கிவிட்டதை ஏன் மறைத்தாய் என்று கேட்டேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"சொல்லியிருந்தா ஒங்களுக்கு இந்த மாசமும்லா போயிருக்கும்."

அந்த மாதம்தான் எனக்கு நாள் தள்ளிப்போனது. என் மகளுக்குப் பிறந்தநாள் வரும்போதெல்லாம், என் பிரசவ வலியைவிட அவள் தனியாகத் தாங்கிய வலிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது.