அண்ணி கிழித்துக் கொடுத்த பாதி அட்டை

எங்கள் வீட்டு எண் 68. கல்யாணமாகி வந்த இரண்டாவது வாரம், கடைக்குப் போய்த் திரும்பிய என் அண்ணி 86ஆம் எண் வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். எங்கள் வரிசையில் எல்லா வீடும் ஒரே அச்சு, ஒரே பழுப்புக் கதவு. செருப்பைக் கழற்றிவிட்டு, காய்கறிப் பையைச் சமையலறையில் இறக்கிவைத்துக் கூடத்துக்கு வந்தால், சோபாவில் ஒரு பெரியவர் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அண்ணி சத்தம் போடாமல் என் அண்ணனுக்குப் போன் செய்திருக்கிறாள். "நம்ம வீட்ல யாரோ ஒருத்தர் தூங்கிட்டு இருக்காரு. உங்க சொந்தக்காரரா? எழுப்பட்டுமா, இல்ல அவருக்கும் சேர்த்துச் சமைக்கட்டுமா?"

இந்தக் கதையை எங்கள் வீட்டில் சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டோம். விருந்தாளி யார் வந்தாலும் இதுதான் முதலில் பரிமாறப்படும். அண்ணியும் கூடவே சிரிப்பாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான். சிரித்து முடித்ததும் எரிச்சல்பட்டதும் நான்தான். ஏனென்றால் நான் கணக்கு டீச்சர். வாத்தியார் பிள்ளை மக்கு என்று பழமொழி இருக்கிறது. வாத்தியாரின் அண்ணியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விட்டது பெரியவர்களின் பெருந்தன்மை.

அண்ணி கையில் கடிகாரம் கட்டியிருப்பாள். அழகுக்குத்தான். "நாலே முக்காலுக்கு வந்துடுங்க" என்று சொன்னால் தலையை ஆட்டிவிட்டு, எதிர்க்கடைக்காரர் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டதும் கிளம்புவாள். லிப்டில் போக வேண்டுமென்றால், "மேலேர்ந்து ரெண்டாவது பொத்தான்" என்று சொல்ல வேண்டும். எட்டாவது மாடி என்றால் விழிப்பாள். ஒரு தடவை வயதைக் கேட்டேன். "போன வருஷத்தைவிட ஒண்ணு கூட" என்றாள்.

மக்கு என்றும் சொல்ல முடியாது. தலையணை கனத்துக்குப் புத்தகம் படிப்பாள். பத்து வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவளைத் தெருவில் பார்த்து, "உங்க பல்வலி சரியாயிடுச்சா?" என்று கேட்பாள். வாய்ச் சண்டையில் என்னையே ஓரம் கட்டிவிடுவாள். எண் என்று வந்தால் மட்டும் எல்லாம் கையில் பிடித்த மணல்.

அவள் வந்த முதல் வருஷ விடுமுறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தேன். ஏழு எட்டு ஐம்பத்தாறு என்று சாயங்காலம் சொல்வாள். காலையில் கேட்டால் இருக்காது. "நேத்து இங்கதான் இருந்துச்சு" என்று தலைமுடி கிளிப்பைத் தேடுவதுபோலச் சொல்வாள். எனக்கு ரத்தம் கொதிக்கும். "மனசு வைக்கல, அவ்வளவுதான்" என்று தீர்ப்பெழுதிவிட்டேன். மனசு வைத்தால் மலையையும் பெயர்க்கலாம் என்பது என் கொள்கை. வகுப்பில் மலையைப் பெயர்க்காத பிள்ளைகளைக் கதவுக்கு வெளியே நிற்கவைத்துவிடுவேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், அதை இங்கே மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஆறு வருஷம் வீட்டில் இருந்து அலுத்துப்போய், அண்ணி ரயில் நிலையத்துக் கிளோக் ரூமில் வேலைக்குச் சேர்ந்தாள். பயணிகள் பைகளை ஒப்படைத்துவிட்டு ஊர் சுற்றிவிட்டு வந்து வாங்கிக்கொள்ளும் அறை. ஒரே எண் போட்ட இரண்டு அலுமினிய டோக்கன். ஒன்று பைக்கு, ஒன்று ஆளுக்கு. பை அதே எண் போட்ட தட்டுக்குப் போக வேண்டும். "அண்ணி, அந்த ரூம்ல இருக்கறதே நம்பர்தான்" என்றேன். ஒரு வாரம் தாங்குவாள் என்று அண்ணனிடம் பந்தயமும் கட்டினேன். ஒன்பது வருஷமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

எப்படிச் சமாளிக்கிறாள் என்று ஒருநாள் நேரில் போய்ப் பார்த்தேன். மூன்று சுவரிலும் இரும்புத் தட்டுகள், முன்னால் தகரம் அடித்த நீள மேஜை. டோக்கனை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையை வாங்கும்போது ஆளைப் பார்த்தாள். வாசல் பக்கச் சுவர் அவசரக்காரர்களுக்கு. உள்சுவர் சாவகாசப் பேர்வழிகளுக்கு. மேல்தட்டு முழுக்க எல்லாவற்றுக்கும் குறை சொல்கிறவர்கள். ஒரு கணவன் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். அண்ணி இரண்டையும் ஒட்டி வைத்தாள். "சாயங்காலத்துக்குள்ள ராசியாயிடுவாங்க, ஒண்ணா கேப்பாங்க" என்றாள். அப்படியே நடந்தது. திரும்பி வருகிறவர் சட்டைப் பையில் கை விடுவதற்குள் அவர் பெட்டி மேஜைமேல் இருக்கும். ஆள் ஓய்ந்த பிறகு, டோக்கன்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்துப் பொறுமையாக ஜோடி சேர்த்து ஆணியில் மாட்டுவாள்.

வந்த வினை இந்த வேகத்தால்தான் வந்தது. மேற்பார்வையாளர் நல்ல மனுஷன், பதிவேடு என்றால் உயிர். இருநூறு தட்டு எண்ணையும் அண்ணி மனப்பாடமாக வைத்திருக்கிறாள் என்று ஒன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார். ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "உன் நம்பர் மூளைக்கு இந்த ரூம் பத்தாதும்மா. அடுத்த மாசத்துலேர்ந்து விசாரணை ஜன்னல்ல நீதான்" என்று சொல்லிவிட்டார். ரயில் எண், நேரம், தாமதம், நடைமேடை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வேலைய விட்டுடறேன்" என்றாள்.

"உண்மைய சொல்லிட்டுப் பழைய வேலையிலயே இரேன்" என்றான் அண்ணன்.

"சொன்னா, நம்பர் தெரியாதவளுக்கு நம்பர் போட்ட ரூம்ல என்ன வேலைன்னு கேப்பாரு. அந்த ரூமும் போயிடும்." பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்துச் சொன்னாள்: "அந்த ஒரு ரூம்லதான் நான் புத்திசாலி. மத்த இடத்துல எல்லாம் உங்களுக்குச் சிரிப்புக் கதை."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ரோஷம் அதைவிட முந்திக்கொண்டது. "நான் இருக்கேன் அண்ணி. மூணே வாரம். ரயில் அட்டவணையை உங்க தலைக்குள்ள ஏத்தறேன்" என்றேன். கலர் பேனாவில் அட்டவணை எழுதிச் சுவரெல்லாம் ஒட்டினேன். சாப்பாட்டு மேஜையை விசாரணை ஜன்னலாக்கினேன். அண்ணன் பயணியாக வந்து கேள்வி கேட்டுக் கேட்டு, கடைசியில் அவனுக்கே எல்லா ரயிலும் பாடமாகிவிட்டது. அண்ணிக்கு ஒன்றுகூடத் தங்கவில்லை.

மூன்றாவது வாரம். "ரெண்டே முக்கால் வண்டி, அம்பது நிமிஷம் லேட்டு. எப்ப வரும்?" என்று பதினோராவது தடவையாகக் கேட்டேன். அண்ணி என் வாயையே பார்த்தாள். பேனாவை விட்டெறிந்தேன். "மனசு வைங்க அண்ணி! மனசே வைக்க மாட்டேங்கறீங்க!"

அவள் எழுந்து போய், துணி பீரோவின் அடியிலிருந்து ஒரு கட்டு நோட்டுகளை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். எல்லாவற்றிலும் வாய்ப்பாடு. ஏழாம் வாய்ப்பாடு பக்கம் பக்கமாக. கடிகார முகங்கள் வரைந்து முள் போட்டு, அடித்து, மறுபடி வரைந்து. பழைய நோட்டின் ஓரங்கள் மஞ்சளாகியிருந்தன. நாங்கள் யாரும் வீட்டில் இல்லாத மதியங்களில் எழுதியிருக்கிறாள்.

"மனசு வெச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றாள். "எத்தனை வருஷமான்னு நீயே எண்ணிக்கோ. அது எனக்கு வராது."

எண்ணினேன். பதினோரு நோட்டு. அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் எங்கள் பள்ளியின் சிறப்புக் கல்வி ஆசிரியையைப் பிடித்து நோட்டுகளைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அண்ணியை நேரில் பார்த்துச் சோதிக்காமல் முடிவாகச் சொல்லக்கூடாது, ஆனாலும் டிஸ்கால்குலியா மாதிரிதான் தெரிகிறது என்றார். சிலருக்கு மூளை எண்ணைப் பிடித்துவைக்கும் விதமே வேறு, அதற்கும் புத்திக்கும் சம்பந்தமில்லை, சோம்பலும் இல்லை என்று விளக்கினார். "போன வருஷப் பயிற்சி வகுப்புல இதைத்தானே ஒரு மணி நேரம் பேசினேன்? நீங்க முன்வரிசையில உக்காந்து விடைத்தாள் திருத்திட்டு இருந்தீங்க" என்றும் சொன்னார். அண்ணியை வரச்சொல்லி, இரண்டு நாள் உட்காரவைத்துப் பார்த்துவிட்டு, அதேதான் என்றார்.

"அப்போ இதுக்குப் பேரெல்லாம் இருக்கா?" என்று அண்ணி வாயைப் பிளந்தாள். "பேர்ல நம்பர் ஒண்ணும் வராதே?" பிறகு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். வாசலுக்கு வந்ததும், "நாளைக்கு சார்கிட்ட நானே சொல்லிடறேன்" என்றாள். நானும் ஒட்டிக்கொண்டு போனேன்.

மேற்பார்வையாளர் நம்பவில்லை. "விளையாடாதம்மா" என்று சிரித்துக்கொண்டே ஒரு தாளில் 36, 63 என்று எழுதிக் காட்டினார். "இது ரெண்டும் என்ன?"

"உத்துப் பார்த்தாத்தான் வேற வேறன்னு தெரியும் சார். நீங்க தாளை மூடிட்டா எது எதுன்னு போயிடும்."

அவர் சிரிப்பு நின்றது. பதிவேட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "அப்போ ஒன்பது வருஷமா மூஞ்சியப் பார்த்தா பை குடுத்துட்டு இருந்தே? ஒரே மாதிரி ரெண்டு பேர் வந்தா என்னம்மா ஆகும்?"

பொய் சொல்லியிருக்கலாம். அண்ணி சொல்லவில்லை. "ஒரு தடவை வந்தாங்க சார். இரட்டைப் பிள்ளைங்க. ரெண்டு பேருக்கும் வழுக்கை. தம்பி பையை அண்ணன்கிட்ட குடுத்துட்டேன். நல்லவேளை, ரெண்டு பேரும் ஒரே வண்டி."

"எப்பவும் ஒரே வண்டியா இருக்காதே" என்றார் அவர், மெதுவாக. அறை போயிற்று என்றே நினைத்தேன்.

அண்ணி கைப்பையிலிருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்தாள். அவர் கண்ணெதிரில் அதைக் கோணல் மாணலாக இரண்டாகக் கிழித்தாள். "இந்தப் பாதி பையில சார். அந்தப் பாதி அவங்க கையில. ஒட்டிப் பார்த்து சேர்ந்தா அவங்களோடது. சேரலைன்னா, இரட்டைப் பிள்ளையா இருந்தாலும் கிடையாது. ஒண்ணு கிழிஞ்ச மாதிரி இன்னொண்ணு கிழியாது."

நான் மூன்று வாரம் ரயில் அட்டவணையோடு அவளை மல்லுக்கட்டவைத்தபோது, அவள் தலைக்குள் இதுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்கு ஆச்சரியமாகவும் பெருமையாகவும் இருந்தது. அழுகையும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

மேற்பார்வையாளர் லேசில் விடுகிற ஆளா? இருபது அட்டையைத் தானே கிழித்துக் கலைத்துப் போட்டார். அண்ணி ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, விளிம்பைத் தடவி, ஜோடி சேர்த்து வரிசையாக வைத்துவிட்டாள். அவர் தானும் முயன்றார், ஒன்றுகூடத் தவறவில்லை. "அலுமினிய டோக்கன்ல எனக்கே ஆறும் ஒன்பதும் தலைகீழாத் தெரியும். வெளிய சொல்லாதீங்க" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். விசாரணை ஜன்னலுக்கு வேறு ஆள். "என் மன நிம்மதிக்கு அட்டை மூலையில ஒரு நம்பர் மட்டும் எழுதிக்கறேன்மா" என்று கெஞ்சலாகக் கேட்டார்.

"எழுதிக்கோங்க சார், உங்களுக்காக" என்று அண்ணி அனுமதி கொடுத்தாள்.

அந்த ஒரு மாதம் முடிந்து இரண்டு மாதமாகிவிட்டது. ஆணியில் இருந்த அலுமினிய டோக்கன்களைக் கழற்றி மூட்டை கட்டிவிட்டார்கள். மேஜைக்கு மேலே அண்ணி கையெழுத்தில் ஒரு பலகை: "பாதி இல்லாமல் பை இல்லை. யாராக இருந்தாலும்."

போன வாரம் பக்கத்து ஊரில் விடைத்தாள் திருத்தும் வேலை. வந்து இறங்கியதும் கடைக்குப் போக வேண்டியிருந்ததால் பையை அண்ணியிடம் கொடுத்தேன். எனக்கும் ஒரு பாதி அட்டை கிடைத்தது. ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்து கைப்பையைக் கவிழ்த்துப் பார்க்கிறேன், அட்டையைக் காணோம்.

"அண்ணி, என் பை அதோ தெரியுது பாருங்க, குடுங்க."

"அட்டை?"

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"ஒரே மாதிரி ரெண்டு நாத்தனார் இருந்துட்டா? ஒண்ணையே சமாளிக்க முடியல." வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "மனசு வெச்சுத் தேடு டீச்சர், கிடைக்கும். அதுவரைக்கும் வெளியே போய் நில்லு, வர்றவங்களுக்கு வழி விடு."

போய் நின்றேன். கதவுக்கு வெளியே, சுவரை ஒட்டி. போகிறவர் வருகிறவர் எல்லாரும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போனார்கள். உள்ளே எல்லாருக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது, எனக்கு மட்டும் நடக்கவில்லை. அட்டை என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது. கையில் கிடைத்த பிறகும் நான் உடனே உள்ளே போகவில்லை. என் வகுப்புக் கதவுக்கு வெளியே இப்படி எத்தனை பேரை நிற்கவைத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். இருபத்திரண்டு வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்த எனக்கு அந்தக் கணக்கு வரவில்லை.

அண்ணி மேஜைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். என் முகத்தில் என்ன கண்டாளோ, அட்டை கிடைத்ததா என்று கேட்கவே இல்லை.

"போதும், நின்னது" என்றாள். "உள்ள வா."