மேகமலை ஏறுமுன் இரண்டு முறை படுத்த டர்போ கார்

போன மாதம் ஒரு சனிக்கிழமை, காலை ஐந்தரைக்கு மதுரையிலிருந்து மேகமலைக்குக் கிளம்பினோம். வேகத்துக்காக இன்ஜினை மாற்றியமைத்த என் டர்போ கார், அதற்கு முந்தைய மூன்று பயணங்களிலும் வழியில் நின்றிருந்தது. மனைவி கவிதா முடிவாகச் சொல்லிவிட்டாள்: "இந்தத் தடவையும் நின்னுச்சுன்னா வித்துரணும்." தலையாட்டினேன். ஆறு வருஷம் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி.

58 கி.மீ. ஓடி ஆண்டிபட்டி வந்ததும், மீட்டரில் நாலு 'பார்' காட்டவேண்டிய பெட்ரோல் அழுத்தம் இரண்டுக்கு இறங்கி இன்ஜின் அணைந்தது. பம்பு புதுசு, ஃபில்டரும் புதுசு. ஒன்றும் புரியவில்லை. பக்கத்து பங்க்குக்குத் தள்ளிப்போய் டேங்கை நிரப்பினேன். கிளப்பினால் நாலு பார்! "பழைய பெட்ரோல்தான் கோளாறு, இது நின்ன கணக்குல வராது" என்று கவிதாவிடம் அடித்துச் சொன்னேன்.

தேனி தாண்டி, 40 கி.மீ.யில் சின்னமனூர். மறுபடி இரண்டு பார். பம்பும் இல்லை, பெட்ரோலும் இல்லையென்றால் வேறு என்ன எழவு? கவிதா இறங்கி, காரை நாலு பக்கமும் படமெடுத்தாள். விற்பனை விளம்பரத்துக்காம்.

எதிரே ரபீக் பாயின் பட்டறை. தோட்டங்களுக்குப் பூச்சிமருந்தடிக்கும் மிஷின்களைப் பழுதுபார்ப்பவர். வந்ததும் டேங்க் மூடியைத் திறந்தார். 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போனது.

"கேட்டீகளா? திராட்சைத் தோட்டத்துல மிஷின முதுகுல மாட்டுறவுக, பெட்ரோல் சட்டையில ஒழுகுதுன்னு மூடி ஓட்டைய அடைச்சிருவாக. காத்து உள்ள போகாம பெட்ரோல் இறங்காது, கொஞ்ச நேரத்துல நின்னுரும். இதுவும் அதே கேசுதான்." ஆண்டிபட்டியில் வண்டியை ஓடவைத்தது புதுப் பெட்ரோல் அல்ல, அதைப் போடத் திறந்த மூடிதான்.

காருக்கடியில் படுத்து, டேங்கின் காற்றுக் குழாயைத் தேடிப்பிடித்தார். அதன் வாயில் சைக்கிள் டியூப் துண்டு இறுகக் கட்டியிருந்தது.

"எந்தப் புண்ணியவான் இதக் கட்டுனது?"

நான்தான். காருக்குள் பெட்ரோல் வாடை குமட்டுகிறது என்று கவிதா சொன்னதால், மூன்று மாதத்துக்கு முன் கட்டியது. வாடை நின்றதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். ஒப்புக்கொண்டபோது வெட்கமாக இருந்தது. பாய் அவிழ்த்துவிட்டு, "மதுரையில புதுக் குழாய் போட்டுக்கங்க, வாடை வராது" என்றார். கூலி இருநூறு ரூபாய்.

போகிறவர்களுக்கு: சின்னமனூரிலேயே பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள். மேலே சுமார் 38 கி.மீ., இரண்டு மணி நேரம். அழுத்தம் இறங்கினால் பம்பை மாற்றுமுன் மூடியைத் திறந்துபாருங்கள்.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே வாடை அடித்தது. பயந்துபோய் கவிதாவைப் பார்த்தேன். அவள் கண்ணாடியை இறக்கிவிட்டாள்.

"நாறட்டும். ஓட்டுங்க."