பத்துக்கு மூணு

புது கேஸ் சிலிண்டரைச் சுமந்துகொண்டு அடுப்படிக்குள் வந்ததும் அவர் ரெகுலேட்டரைத் தொடமாட்டார். அடுப்போடு மாட்டியிருக்கும் பழைய சிலிண்டரின் வளையத்தைப் பிடித்து, ஒரு பக்கமாக லேசாகச் சாய்ப்பார். கண் மூடிக்கொள்ளும். "நாலு நாள் வரும்மா. இன்னிக்கே மாத்தாதீங்க, வீணாப் போகும்" என்பார். நான் ரெட்டைச் சடை போட்டிருந்த நாளிலிருந்து பார்த்து வருகிறேன். இரண்டு நாள், ஒரு வாரம் என்றெல்லாம்கூடச் சொல்லியிருக்கிறார்; ஆனாலும் தெருவில் அவருக்கு 'நாலுநாள்' என்ற பெயர்தான் நிலைத்தது. அம்மா அவரை அண்ணே என்பதால் எனக்கு மாமா.

குள்ளமான ஆள். சட்டையின் இடது தோள் மட்டும் சீக்கிரம் நைந்துபோகும் என்று அவர் மனைவி உள்பக்கம் ஒட்டுத்துணி வைத்துத் தைத்திருப்பார். எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூன்றாம் மாடி டீச்சர் வீட்டுக்குச் சுமந்து போகும்போது எங்கள் வாசலில் இறக்கிவைத்து மூச்சு வாங்குவார். "ஒத்தை ஆளா இருந்துக்கிட்டு டீச்சர் அப்படி என்னதான் சமைக்கிறாங்களோ!" என்பார். டீச்சருக்கும் அது கேட்கும். "ஏன், உமக்கும் சேர்த்து வடிக்கட்டுமா?" என்று மேலிருந்து பதில் வரும்.

காலி சிலிண்டரோடு இறங்கி வந்து, படிக்கட்டில் உட்கார்ந்து போனில் சீட்டாடுவார். "மூளைக்கு எக்சர்சைஸ் பாப்பா." நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம். முதலில் அவருடைய பைக் போனது. பிறகு மனைவியின் சங்கிலி. பிறகு மனைவியே மகளைக் கூட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். ஆட்டத்தை விடாமல் கூப்பிட வராதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். படித்து முடித்ததும் கிடைத்த வேலை, சூதாட்டத்திலிருந்து மீள வருகிறவர்களுக்கான ஆலோசனை மையத்தில். மாதம் ஒருமுறை ஒவ்வொருவரிடமும் ஒரு தாளை நீட்ட வேண்டும். 'ஆட்டத்தை விட எந்த அளவுக்குத் தயாராக இருக்கிறீர்கள்?' சைபரிலிருந்து பத்துவரை ஒரு கோடு. அதில் ஒரு எண்ணைச் சுழிக்க வேண்டும். ஒரு மனிதனின் மனசைக் கோட்டில் குறிக்க நான் யார் என்று எனக்கே தோன்றும். ஆனாலும் நீட்டுவேன்.

ஒருநாள் எதிர் நாற்காலியில் அவர் வந்து உட்கார்ந்தார். இருவருமே தரையைப் பார்த்தோம். "வேற ஆள்கிட்ட அனுப்பவா மாமா?" என்றேன். "வேற ஆளுக்கு நான் புதுசா எல்லாத்தையும் சொல்லணும். நீயே கேளு" என்றார். பத்தைச் சுழித்தார். அடுத்த மாதமும் பத்து. மூன்றாம் மாதம் பத்தைச் சுற்றி இரட்டை வட்டம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

தாள்களைப் புரட்டிய ஆலோசகர் மேடம் சிரித்தார். "மூணு மாசமும் பத்தா? ஆட்டத்தை விட்டு வருஷமான ஆளே ஏழுக்கு மேல போட யோசிப்பாரும்மா."

நான்காம் மாதம், ஏன் எப்போதும் பத்து என்று கேட்டேவிட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "நீ நல்லா வேலை செய்யறியான்னு பாக்கத்தானே இந்தப் பேப்பர்? கஷ்டப்பட்டுப் படிச்ச புள்ள. நான் கொறச்சுப் போட்டு, உன்னை வேலையவிட்டுத் தூக்கிட்டா?"

மூன்று மாதமாக அவர் எனக்கு மார்க் போட்டிருக்கிறார்.

"இது உங்களுக்கு மாமா. என் வேலைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"அட, முன்னாடியே சொல்லக் கூடாதா?" பேனாவை வாங்கினார். வெகுநேரம் அந்தக் கோட்டையே பார்த்தார். மூன்றைச் சுழித்தார்.

மேடம் சொல்லிக்கொடுத்த கேள்வியைக் கேட்டேன். "ஏன் மூணு? சைபர்னு போட்டிருக்கலாமே?"

"மேல்வீட்டு டீச்சர் ரெண்டு சிலிண்டருக்கு முன்பணம் குடுத்தாங்க. ஒரே சாயங்காலத்துல ஆட்டத்துல விட்டுட்டேன். இன்னிவரைக்கும் கேக்கல. கேட்டிருந்தா ஏதாவது பொய் சொல்லிச் சமாளிச்சிருப்பேன். கேக்கலையே. அது நெஞ்சுல உக்காந்திருக்கு. அதுதான் பாப்பா மூணு."

அங்கேயே மனைவிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கேட்டது.

"நான் பத்துக்கு மூணுதான்."

"நல்லா இருக்கு! போன மாசம் பத்துன்னு குதிச்சீங்க?"

"அது பாப்பாவுக்குப் போட்டது. இது எனக்கு."

"மூணுன்னா நம்பலாம்" என்றார் மனைவி. வருகிறேன் என்று சொல்லவில்லை. சட்டையில் ஒட்டுத்துணி கிழிந்திருந்தால் கொடுத்தனுப்பச் சொன்னார்.

இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுதிக்கோ, போட்டோ மட்டும் வேணாம். ஏஜென்சிக்காரன் பாத்துருவான்" என்றார்.

இன்னும் ஆடுகிறார். முன்பு தினமும், இப்போது எப்போதாவது. டீச்சருக்குத் தர வேண்டிய பணத்தை இதுவரை கொடுக்கவில்லை. சேர்த்ததை இரண்டு முறை ஆட்டத்தில் விட்டதை அவரே என்னிடம் சொன்னார்.

போன வாரம் மாடிப்படியில் ஏறும்போது பார்த்தேன். புதிய சிலிண்டரை உள்ளே வைத்துவிட்டு மாமா டீச்சர் வீட்டு வாசலில் நின்றிருந்தார். டீச்சர் பழைய முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அன்றைய பணத்தை எண்ணி நீட்டினார்.

"என் கையில குடுக்காதீங்க டீச்சர். ஆபீஸ்லயே கட்டிடுங்க."

டீச்சரின் கை நீட்டியபடியே நின்றது. மாமா ஒரு படி கீழே இறங்கி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.